சர்வரில் இருக்கிறது என்றேன்

டெஸ்க்டாப் சப்போர்ட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் மேனேஜர் போன வாரம் போன் செய்து, பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள், உங்கள் அனுபவம் அவர்களுக்குப் பிரயோஜனப்படும் என்றார். இருபத்தொன்பது வருஷம் இந்தத் திருவனந்தபுரத்தில் தோளில் டூல் பையைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவனிடம் ரசமான கதைகள் இருக்கும் என்று நினைத்திருப்பார். இருக்கிறது. எலி கடித்த கேபிள், சிபியூவுக்குள் குடித்தனம் நடத்திய பல்லி, மவுஸை ரிமோட் மாதிரி டிவி பக்கம் நீட்டிய சூப்பிரண்டு. அதெல்லாம் டீக்கடையில் சொல்வதற்கு. பேனாவை எடுத்தால் எனக்கு வேறொன்றுதான் வருகிறது, அதில் சிரிக்க ஒன்றும் கிடையாது.

நீங்கள் லினக்ஸோடு வளர்ந்தவர்கள். இங்கே பள்ளிக்கூடத்திலேயே அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அது நாற்பத்தைந்து வயதில், தலை நரைத்த பிறகு வந்து சேர்ந்தது. அதுவரை நான் பழைய சிஸ்டத்தில் புலி. மெஷின் படுத்துக்கொண்டால் வலியசாலையில் என் வீட்டு வாசலுக்கே ஆள் வரும். அப்போது சின்னச் சின்ன ஆபீஸ்களையும் தர்ம ஸ்தாபனங்களையும் லினக்ஸ் என்ற இந்த இலவச சிஸ்டத்துக்கு மாற்றுகிற வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது. மூன்று நாள் டிரெய்னிங், ஒரு சர்ட்டிபிகேட், மத்தியானம் ஒரு பிரியாணி. நாலாம் நாள் எங்களை எக்ஸ்பர்ட் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாற்றிக் கொடுத்த இடத்திலெல்லாம் ஒரே கேள்வி. "எங்க சார் டி டிரைவ்?" உங்களுக்கு இது விளங்காது, சொல்கிறேன். பழைய மெஷின்களில் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து வைப்போம். சி-யில் சிஸ்டம், டி-யில் ஆபீஸ் ஃபைல்கள். மெஷின் கிராஷ் ஆனால் சி-யை மட்டும் துடைத்துப் புதிதாகப் போடுவோம், டி-க்கு ஒன்றும் ஆகாது. சி-யை அழி, டி-யைத் தொடாதே என்பதுதான் எங்கள் தொழிலின் மொத்த வேதம். புது சிஸ்டத்தில் நாங்கள் அப்படிப் பிரிக்கவில்லை, எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. இதை விளக்கப் போனால் ஒவ்வொரு ஆபீஸிலும் அரை மணி நேரம் போகும், பாதிப் பேர் முகத்தில் பயம் வந்துவிடும். அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன். டெஸ்க்டாப்பிலேயே ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, அதற்கு டி டிரைவ் என்று பெயர் வைத்து, டிஸ்க் படத்தையும் ஒட்டிவிட்டேன். பார்த்தவர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மற்ற டெக்னீஷியன்களும் இதைக் காப்பியடித்தார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

பொன்முடி போகிற சாலையில் ஒரு சிறிய ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஒரு பாலியேட்டிவ் மையம் இருந்தது. இனிக் குணமாக்க முடியாது என்று ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்ட நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, வலிக்கு மருந்து கொடுப்பது, புண்ணைச் சுத்தம் செய்வது, இதுதான் அவர்கள் வேலை. பெரும்பாலும் மார்ஃபின் மாத்திரை. ஒரு டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்றபடி எல்லாவற்றையும் தலையில் சுமந்தவர் ஷைலஜா சிஸ்டர். நோயாளிகளில் பலர் மலைமேல் எஸ்டேட் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிற தமிழ்த் தொழிலாளிகள். அவர்களுக்காகவே சிஸ்டர் தமிழ் கற்றுக்கொண்டு, மலையாளம் பாதி தமிழ் பாதியாகப் பேசுவார்.

அந்த மையத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் சிஸ்டர் தன் கையால் டைப் செய்து வைத்த ஒரு லிஸ்ட். யாருக்கு எத்தனை மாத்திரை, அது எந்த நாளில் தீரும், ஜீப் எப்போது போக வேண்டும், வீடு எங்கே. லயத்து வீட்டுக்கெல்லாம் தபால் விலாசம் உதவாது. ஃபாக்டரி தாண்டி மேலே, தண்ணீர் டாங்க்குக்கு வலப்பக்கம், நீலக் கதவு என்றுதான் எழுதியிருப்பார். மெஷினை லினக்ஸுக்கு மாற்றியதும் நான்தான், அதில் டி டிரைவ் ஃபோல்டரை வைத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை அங்கிருந்து சர்வீஸ் கால் வந்தது. நான் போனபோது ஸ்க்ரீனில் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருந்தது. போட்டால் ஒரு நிமிஷம் கறுப்பாகி, மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். தப்பான பாஸ்வேர்டு என்றும் சொல்லாது, உள்ளேயும் விடாது. இப்போது உங்களில் ஒருத்தர் அதைப் பார்த்தால், டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பீர்கள். ஆமாம், அதுதான். சிஸ்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையெல்லாம் ராட்சத சைஸில் சேமித்து வைத்திருந்தார், ஒரு துளி இடம் பாக்கியில்லை. டெஸ்க்டாப் மட்டும்தான் மேலே எழும்ப முடியாமல் கிடந்தது, அடியில் அத்தனை ஃபைலும் பத்திரமாக இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

தெரியாது என்பதை நான் சொல்லவும் இல்லை. போன் பண்ணும்போதே, லினக்ஸ் நன்றாகத் தெரிந்த ஆளை அனுப்புங்கள் என்று சிஸ்டர் கேட்டிருந்தாராம். அதற்குக் கம்பெனி அனுப்பிய ஆள் நான். சிஸ்டர் டீ வாங்கிக் கொடுத்து, சார் வந்துவிட்டீர்கள், இனி எனக்குக் கவலையில்லை என்றார். அப்படிச் சொல்கிற ஒருவரிடம் நாற்பத்தைந்து வயது ஆள் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? டிரெய்னிங் கொடுத்த ஆளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சிஸ்டருக்கு முன்னால் போட வெட்கமாக இருந்தது. ஒரு மணி நேரம் என்னென்னவோ தட்டிப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்துக்குப் போனேன். துடைத்துப் புதிதாகப் போடுவது.

பதினைந்து வருஷப் பழக்கத்தில் கேட்கிற கேள்வியைக் கேட்கவும் மறக்கவில்லை.

"ஃபைல் எல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு சிஸ்டர்?"

"எல்லாம் அதிலதான் சார் வைப்பேன். அது சேஃப் அல்லே?"

"சேஃப்தான்."

என் வாயால் சொன்னேன். அந்த டி டிரைவ் வெறும் ஃபோல்டர் என்று இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிய வேண்டும். ஊரை ஏமாற்ற நான் ஒட்டிய படத்தில் கடைசியில் நானே ஏமாந்தேன். பழக்க தோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது ஆறுதலாக இருந்ததில்லை.

புது சிஸ்டம் ஏறி, ஸ்க்ரீன் பளபளவென்று வந்தது. சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டி எங்கே சார் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, டி என்பது நான் வைத்த ஃபோல்டர், அதையும் சேர்த்துத்தான் துடைத்திருக்கிறேன்.

பிள்ளைகளே, இதுவரைக்கும் நடந்தது முட்டாள்தனம். முட்டாள்தனம் எல்லோருக்கும் நடக்கும். உங்களுக்கும் நடக்கும், நடக்காது என்று யாராவது நினைத்தால் இப்போதே வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள். இதற்கு அடுத்து நான் செய்ததுதான் விஷயம்.

"பேடிக்கண்ட சிஸ்டர், பயப்படாதீங்க, எல்லாம் சர்வர்ல இருக்கு. ரெண்டு நாள்ல எடுத்துக் கொடுத்துடுவேன்" என்றேன்.

எல்லா ஆபீஸ் ஃபைலுக்கும் ஒரு நகலைச் சேர்த்து வைக்க சர்வர் என்று ஒன்று எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த மையத்துக்கு அதன் இணைப்பை யாரும் கொடுக்கவே இல்லை. சிஸ்டருக்கு அது எப்படித் தெரியும்? அவர் நிம்மதியாகச் சிரித்தார். சர்வீஸ் ரிப்போர்ட்டில் பிரச்சினை தீர்ந்தது என்று நானே எழுதி நீட்டினேன், கையெழுத்துப் போட்டார். டிஸ்க்கைக் கழற்றி, பையிலிருந்த ஸ்பேர் ஒன்றை அங்கே மாட்டி, அதில் சிஸ்டத்தை ஏற்றிவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவனுக்கு முதல் இரண்டு நாள் நம்பிக்கை இருக்கும். லீவு சொல்லிவிட்டு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டிஸ்க்கை வைத்து, கிடைத்த ரிகவரி சாப்ட்வேர் எல்லாவற்றையும் ஓட்டினேன். பெயரில்லாத துண்டு துண்டு ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. பாதி எக்ஸ்ரே, பாதி கடிதம். லிஸ்ட் வரவில்லை. புதன்கிழமை சிஸ்டருக்குப் போன் செய்து, சர்வர் கொஞ்சம் ஸ்லோ, இன்னும் ஒரு நாள் என்றேன். பரவாயில்லை சார், நாளைக்கு ஜீப் போக வேண்டியவர்களை ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டுவிட்டேன், எல்லோரும் அதில் வந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், உங்கள் லிஸ்ட் வந்ததும் சரிபார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு வெறுப்பு வரும்.

வெள்ளிக்கிழமை என் மனைவி தட்டை மேஜையில் எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏன்னா, அஞ்சு நாளா இதையே கட்டிண்டு அழறேளே, இதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?"

சும்மா ஒரு லிஸ்ட் என்றேன். என்ன லிஸ்ட் என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். வலி இருக்கிறவர்கள், மாத்திரை, அது தீருகிற நாள். சொல்லிக்கொண்டே போனபோதுதான் அது என்ன லிஸ்ட் என்று எனக்கே உறைத்தது. அதுவரை அதை ஒரு ஃபைலாகத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போய் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சர்வர் கிடையாது, லிஸ்ட் இனி வராது, திங்கட்கிழமையே எனக்குத் தெரியும் என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எழுந்து போய் மருந்து அலமாரியைத் திறந்து, மாத்திரை கொடுத்த கணக்கை எழுதும் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் பெயரும் எண்ணிக்கையும் மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு பெயராக விரலை வைத்து, தான் ஞாபகத்தில் எழுதியதோடு ஒத்துப் பார்த்தார். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது. செல்லத்தாய். போன வாரம்தான் சேர்ந்தவர். டாக்டரோடு மேலே போய் அவரைச் சேர்த்துக்கொண்டது ஒரு வாலண்டியர் டீச்சர். அன்று சிஸ்டர் வேறொரு வீட்டில் இருந்ததால் செல்லத்தாயைப் பார்த்ததே இல்லை. டீச்சர் கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்து டைப் செய்துவிட்டுக் கிழித்துப் போட்டிருந்தார். மாத்திரை வியாழக்கிழமை காலையோடு தீர்ந்திருக்கும்.

டீச்சருக்குப் போன் போட்டார். டீச்சர் இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்து, மேல் டிவிஷன், கடைசி லயம், நாலாவது வீடு என்று சொன்னார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜீப் அன்று வேறு வழியில் போயிருந்தது, மலையில் மழை வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கிளம்ப முடிந்தது. நானும் ஏறிக்கொண்டேன். சிஸ்டர் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அவர் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். ஃபாக்டரியைத் தாண்டி ரோடு இல்லை, கல் பாதைதான். கடைசி லயத்தை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. ஒரே சீராக, மூச்சு விடுகிற ஒவ்வொரு தடவையும் வந்துகொண்டிருந்தது.

எலும்பு வரைக்கும் பரவிய புற்றுநோய். அந்த அம்மாள் ஒரு துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கடித்த இடத்தில் துண்டு நைந்து போயிருந்தது. வியாழன், வெள்ளி, சனி என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். சிஸ்டர் உள்ளே போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மாத்திரையைக் கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்லத்தாய் அதற்குப் பிறகு மூன்று வாரம் உயிரோடு இருந்தார், அந்த மூன்று வாரமும் மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை, தூக்கத்தில்தான் போனார் என்று சிஸ்டர் எனக்குப் போனில் சொன்னார். கம்பெனிக்கு யாரும் புகார் எழுதவில்லை. அந்தத் திங்கட்கிழமை கால் இன்றைக்கும் ரெக்கார்டில் தீர்ந்த பிரச்சினையாகத்தான் இருக்கும். அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட்டும் வந்தது. நான் இதை எழுத உட்கார்ந்தது அந்த அரை மணி நேரத்துக்காக.

நான் வாசலில் நின்றேன். செல்லத்தாயின் புருஷன் லயத்தின் பின்பக்கத்திலிருந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், முழங்கை வரைக்கும் சேறு. என்னைப் பெரிய ஆபீசர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மடித்துப் பிடித்திருந்த துணியை என் முன்னால் பிரித்தார். உள்ளே மாத்திரை அட்டைகள், எல்லாம் காலி, சேறு அப்பியிருந்தது.

"சார், ஒரே ஒரு அட்டைதான் கெடைக்கல. மத்தது பூரா இருக்கு. எண்ணிப் பாத்துக்கிடுங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. மார்ஃபின் கண்டபடி வெளியே போகக் கூடாது என்பதால், காலி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த மாத்திரை என்று சேர்க்கும்போது சொல்லியிருக்கிறார்கள். எல்லோரிடமும் சொல்வதுதான், அதற்காக யாருக்கும் மருந்தை நிறுத்தியது கிடையாது. இவர் அட்டைகளை ஒரு கவரில் போட்டு அடுப்பங்கரையில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் உதவிக்கு வந்து கூட்டிப் பெருக்கியபோது கவர் குப்பைக் குழிக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை ஜீப் வந்து ஃபாக்டரி பக்கம் நின்றுவிட்டு, மேலே ஏறாமல் திரும்பிப் போனதை இவர் இங்கிருந்து பார்த்திருக்கிறார். அட்டையைத் தொலைத்தது எப்படியோ தெரிந்துவிட்டது, அதனால் தண்டனையாக நிறுத்திவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டார். வெறுங்கையோடு கீழே போய்க் கேட்க அவருக்கு முகம் இல்லை. அன்றைக்குக் குழியில் இறங்கியவர், மூன்று நாளாக மழையில் குப்பையைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். உள்ளே அவள் சத்தம் கேட்கக் கேட்க இன்னும் வேகமாகக் கிளறினேன் என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார், அது இன்னும் மோசமாக இருந்தது. அந்த ஒரு அட்டையையும் சாயங்காலத்துக்குள் எப்படியாவது தேடிக் கொடுத்துவிடுகிறேன், இனிமேல் நிறுத்திவிடாதீர்கள் என்று துணியோடு சேர்த்துக் கும்பிட்டார்.

"அண்ணாச்சி, நிறுத்தினது யாரும் இல்ல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "உங்க வீட்டு விவரம் இருந்த லிஸ்ட்டை அழிச்சது நான். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவன். அழிஞ்சுபோச்சுன்னு சொல்லாம மறைச்சதும் நான்தான்."

அவர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. நான் சொன்னதை மெல்ல யோசித்துப் பார்த்தார்.

"என்னைக்கு அழிஞ்சுது?"

"திங்கக்கெழம."

"அப்ப திங்கக்கெழமையே நீங்க சொல்லியிருந்தா, வியாழக்கெழம ஜீப்பு மேல வந்திருக்குமா?"

"வந்திருக்கும்" என்றேன்.

அவர் துணியைத் தரையில் வைத்துவிட்டு, சேற்றுக் கையோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து சத்தம் இன்னும் நிற்கவில்லை. அது நிற்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.